கரண்ட் போய் வந்தாலும் மாறாத டி.என்.எஸ்.

கொழும்பில் கணினி எப்போது அணைந்து எழும்ப வேண்டும் என்பது முழுக்க நம் கையில் இல்லை. 2022 மார்ச் 31 அன்று 13 மணித்தியால மின்வெட்டு. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் புகுந்த குரங்குதான் காரணம் என்றார் அமைச்சர். இவை செய்தியில் வந்த நாட்கள். செய்தியில் வராத நாட்களிலும் மழை இறுக்கிப் பெய்தால் ஒரு நிமிடம் கரண்ட் போய் வரும். யூ.பி.எஸ். இல்லாத மேசைக் கணினியும் ரவுட்டரும் அணைந்து எழும்ப அந்த ஒரு நிமிடம் போதும்.

அதன் பிறகுதான் முறைப்பாடு வரும்: “தம்பி, நேற்று நீங்கள் போட்டுத் தந்த டி.என்.எஸ். இன்றைக்கு இல்லையே!” வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடானாலும் சரி, கொட்டாஞ்சேனையில் பத்துக் கணினி வைத்திருக்கும் ரியூட்டரியானாலும் சரி, கதை ஒன்றுதான். போட்ட எண்கள் பிழையில்லை, போட்ட இடம்தான் பிழை. இந்த அத்தியாயம் அந்த இடத்தைப் பற்றியது.

எதற்காகக் கையால் போடுகிறோம்

தளத்தின் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டி.என்.எஸ். அதன் முகவரி கணினிக்குத் தானாகவே கிடைக்கும். பெரும்பாலானோர் அதைத் தொடத் தேவையில்லை. தொடுகிறவர்களுக்குக் காரணம் இருக்கும். சிலர் வேகத்துக்காகவும் நம்பிக்கைக்காகவும் கூகிளின் 8.8.8.8 (2009 டிசம்பரில் வந்தது) அல்லது கிளவுட்ஃபிளேரின் 1.1.1.1 (2018 ஏப்ரல்) போடுகிறார்கள். தீங்கான தளங்களைத் தடுக்கிறது என்பதற்காகக் குவாட்நைனின் 9.9.9.9 போடுவோரும் உண்டு. அலுவலகங்களில் உள்ளகச் சேவையகங்களின் பெயர்களுக்கென்றே சொந்த டி.என்.எஸ். இருக்கும்.

நான் அதிகம் காண்பது இன்னொரு காரணம்: பிள்ளைகள் இருக்கும் வீடும் ரியூட்டரியும். ஆபாசத் தளங்களைப் பெயர் தேடும் கட்டத்திலேயே தடுக்கும் இலவசச் சேவைகள் உள்ளன. கிளவுட்ஃபிளேரின் குடும்ப வடிகட்டிக்கு 1.1.1.3, 1.0.0.3. ஓப்பன் டி.என்.எஸ். நிறுவனத்தினதுக்கு 208.67.222.123, 208.67.220.123. வேகத்துக்காகப் போட்டது மறைந்தால் நட்டம் பெரிதில்லை. வடிகட்டிக்காகப் போட்டது மறைந்தால், மறைந்தது யாருக்கும் தெரியாது. இணையம் வழமைபோல ஓடும், வடிகட்டி மட்டும் இராது. அதனால்தான் இந்தச் சின்ன விடயத்துக்கு ஒரு முழு அத்தியாயம்.

டி.என்.எஸ். மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. 2021 பெப்ரவரி 6 அன்று கூகிளின் எல்.கே. முகவரி உட்படச் சில எல்.கே. முகவரிகளைத் தேடிப் போனவர்கள் நாட்டின் சமூகப் பிரச்சினைகளை அடுக்கிய வேறொரு பக்கத்தில் போய் நின்றார்கள். அந்தப் பெயர்களின் டி.என்.எஸ். பதிவுகளையே யாரோ மாற்றியிருந்தார்கள். மூலப் பதிவு மாறினால் 8.8.8.8 என்றாலும் 1.1.1.1 என்றாலும் அந்தப் பிழையான பதிலைத்தான் கொண்டு வரும். 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் மாதங்களில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது மக்கள் தேடிப் போனது வீ.பி.என். செயலிகளை. அவற்றில் சில இன்னும் பல மடிக்கணினிகளில் கிடக்கின்றன. பின்னால் அவற்றுக்கும் வருவோம்.

அழிப்பது யார்

வீட்டு ரவுட்டரோடு இணைந்ததும் கணினி “எனக்கு ஒரு முகவரி தா” என்று கேட்கிறது. ரவுட்டர் ஐ.பி. முகவரியையும், கூடவே “பெயர் தேட இந்த டி.என்.எஸ்.ஸைப் பாவி” என்ற குறிப்பையும் கொடுக்கிறது. 1993இல் வரையறுக்கப்பட்ட டி.எச்.சி.பி. என்ற ஒழுங்கு இது. முகவரி சொந்தமாகக் கிடைப்பதில்லை, குத்தகைக்குத்தான். குத்தகைக் காலத்தில் பாதி கடந்ததும் கணினி அதைப் புதுப்பிக்கக் கேட்கும். குத்தகை 24 மணித்தியாலம் என்றால் 12ஆவது மணித்தியாலத்தில் மறுபடி ஒரு குறிப்பு வரும். மறுதொடக்கம் செய்து பார்த்தபோது சரியாக இருந்த அமைப்பு அடுத்த நாள் காலையில் மாறியிருப்பதன் மர்மம் பெரும்பாலும் இதுதான்.

மின்வெட்டுக்குப் பிறகு இன்னொரு சிக்கலும் உண்டு. கணினி எழும்பிவிடும்; பைபர் பெட்டியும் ரவுட்டரும் எழும்பி நிலைக்கச் சில நிமிடம் எடுக்கும். இடையில் கணினிக்கு 169.254 என்று தொடங்கும் ஒன்றுக்கும் உதவாத முகவரி கிடைக்கலாம். ரவுட்டர் தயாரானதும் உண்மையான முகவரியும் புதிய டி.என்.எஸ். குறிப்பும் வரும். எழும்பிய கையோடு பார்த்துவிட்டு “சரியாக இருக்கிறது” என்று எழுந்து போகிறவர் ஏமாறுவது இங்கேதான்.

விண்டோஸுக்குப் பின்னால் வருவோம். லினக்ஸில் இந்தக் குறிப்பு கடைசியில் போய்ச் சேரும் கோப்பின் பெயர் ‘ரிசொல்வ் டொட் கொன்ஃப்’. அது ‘ஈ.டி.சி.’ அடைவுக்குள் இருக்கிறது. பெயரில் ஒரு பொறி உண்டு: ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான ‘ஈ’ கோப்பின் பெயரில் இல்லை. அதைச் சேர்த்து எழுதினால் யாருமே வாசிக்காத புதுக் கோப்பொன்று உருவாகும். நீங்கள் எழுதியது ஒருநாளும் வேலை செய்யாது.

பலரும் செய்வது, இந்தக் கோப்பைத் திறந்து தமக்குப் பிடித்த எண்ணை எழுதிச் சேமிப்பது. உடனே வேலை செய்யும், அதனால் நம்பிக்கையும் வரும். ஆனால் இந்தக் கோப்பு ரியூட்டரிக் கரும்பலகை போன்றது. காலையில் வரும் ஆசிரியர் அதை அழித்துவிட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் இருப்பதை எழுதுவார். பலகையில் எழுதிப் பயனில்லை. அவருடைய புத்தகத்தில் எழுத வேண்டும். ஆகவே எந்த ஆசிரியர் என்பதுதான் முதற் கேள்வி.

கோப்பே சொல்லிவிடும்

அந்தக் கோப்பைத் திறந்து வாசியுங்கள். இப்போதைக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஹாஷ் அடையாளத்தோடு தொடங்கும் மேல் வரிகளைத் தாண்டிப் போவதுதான் எல்லோருக்கும் பழக்கம். விடை அங்கேதான் இருக்கிறது.

‘நெட்வேர்க் மனேஜர்’ என்ற பெயர் இருந்தால் எழுதுபவர் அவர்தான். மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் ஓடும் பல லினக்ஸ்களில் இதைக் காண்பீர்கள். ‘சிஸ்டம்டி-ரிசொல்வ்டி’ என்றிருந்தால் கீழே 127.0.0.53 என்ற முகவரியும் இருக்கும். அண்மைய உபுண்டுகள் எல்லாம் இப்படித்தான். அந்த எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம்: அது உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் இடைத்தரகர். உண்மையான டி.என்.எஸ். எது என்பது அவரிடம் இருக்கிறது; ‘ரிசொல்வ்-சி.டி.எல்.’ கட்டளையோடு ‘ஸ்டேட்டஸ்’ சேர்த்துக் கேட்டால் இணைப்பு வாரியாகச் சொல்வார். இந்த வகைக் கணினியில் ரிசொல்வ் கோப்பு உண்மையில் கோப்பே அல்ல. ‘ரன்’ அடைவுக்குள் இருக்கும் இன்னொன்றைக் காட்டும் சுட்டி. ‘ரன்’ அடைவு வட்டில் இல்லை, நினைவகத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் அதுவும் போகும், எழும்பும்போது புதிதாக எழுதப்படும். நேற்று எழுதியது இன்றைக்கு இல்லாமற் போக வேறு சதி எதுவும் தேவையில்லை.

பழைய டெபியன் கணினிகளில் ‘ரிசொல்வ்கொன்ஃப்’ என்ற பொதி இருக்கலாம். “இங்கே கையால் மாற்றாதீர்கள், அழிந்துவிடும்” என்று அது தலைப்பிலேயே எழுதி வைக்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டிப் படிக்கும் மாணவர்களுக்கு அந்தக் கோப்பை எழுதுவது டபிள்யூ.எஸ்.எல். என்ற அடுக்கு, அதன் சொந்தக் கொன்ஃப் கோப்பில் தானாக எழுதுவதை நிறுத்த ஒரு வரி உண்டு. தலைப்பில் ஒன்றுமே இல்லையென்றால் ‘டி.எச்.கிளையண்ட்’ என்ற பழைய நிரலைச் சந்தேகியுங்கள். அதை ஆக்கிய ஐ.எஸ்.சி. நிறுவனம் 2022இலேயே கைவிட்டுவிட்டது, ஆனாலும் பழைய பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் ‘சுப்பர்சீட்’ என்று தொடங்கும் வரி சேர்த்தால் ரவுட்டர் சொல்வதைத் தள்ளிவிட்டு நீங்கள் சொல்வதை எடுக்கும். ‘பிரிபெண்ட்’ என்றால் உங்களுடையதை முதலில் வைத்து ரவுட்டருடையதையும் பின்னால் வைத்துக்கொள்ளும். வடிகட்டி போடுகிறவர்களுக்கு முதலாவதுதான் வேண்டும்.

உபுண்டு மேசையில் செய்வது

இங்கே கட்டளை தேவையில்லை. செட்டிங்ஸ் திறந்து வைஃபை அல்லது நெட்வேர்க் பகுதிக்குப் போங்கள். இணைப்பின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள பற்சக்கரத்தை அழுத்தினால் ஐ.பி.வி4 என்ற பகுதி வரும். அதில் டி.என்.எஸ். வரிக்குப் பக்கத்தில் ‘ஓட்டோமேட்டிக்’ என்ற சிறு ஆளி இருக்கும். அதை அணையுங்கள். பிறகு உங்கள் இரண்டு முகவரிகளையும் கமா இட்டு எழுதி ‘அப்ளை’ கொடுங்கள். இணைப்பை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் நடைமுறைக்கு வரும்.

அந்த ஆளிதான் முக்கியம். அதை அணைக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் ரவுட்டர் தரும் டி.என்.எஸ்.ஸும் உங்களுடையதோடு சேர்ந்து பட்டியலில் நிற்கும். கட்டளை வரியில் வேலை செய்பவர்கள் அந்த இணைப்புக்கு ‘இக்னோர்-ஓட்டோ-டி.என்.எஸ்.’ என்பதை ‘யெஸ்’ ஆக்குவதும் இதே வேலைதான். இப்படிச் செய்தால் அது இணைப்பின் விவரக் கோப்பில், வட்டில் எழுதப்படுகிறது. எத்தனை தரம் அணைந்து எழும்பினாலும் நெட்வேர்க் மனேஜர் அங்கிருந்துதான் எடுத்து இடைத்தரகரிடம் கொடுப்பார்.

அடுத்து ஐ.பி.வி6 பகுதி. பலரும் இதைத் தொடுவதில்லை. ரவுட்டர் ஐ.பி.வி6 வழியாகவும் டி.என்.எஸ். முகவரி அறிவிக்க முடியும், ஐ.பி.வி4இல் வடிகட்டியைப் போட்டுவிட்டு ஐ.பி.வி6இன் ஆளியைத் திறந்து வைத்தால் முன்கதவைப் பூட்டிய வேலை வீண். உங்கள் சேவையின் ஐ.பி.வி6 முகவரிகள் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஆளியையாவது அணையுங்கள்.

இரண்டாம் முகவரி பற்றியும் ஒரு வார்த்தை. முதலாவதாக 1.1.1.3, “அது வேலை செய்யாவிட்டால் இருக்கட்டும்” என்று இரண்டாவதாக 8.8.8.8 போட்ட கணினிகளை நிறையக் கண்டிருக்கிறேன். இரண்டாவது வெறும் உதிரிச் சில்லு இல்லை. முதலாவது ஒருமுறை தாமதித்தால் இடைத்தரகர் இரண்டாவதற்கு மாறி அங்கேயே தங்கிவிடக்கூடும். அதன்பின் வடிகட்டி இருந்தும் இல்லாத மாதிரி. இரண்டும் ஒரே சேவையின் வடிகட்டும் முகவரிகளாக இருக்க வேண்டும். லினக்ஸ் அந்தக் கோப்பிலிருந்து மூன்று முகவரிக்கு மேல் வாசிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கரண்ட் இல்லாத நேரத்து இணைப்பு

அழிந்துவிட்டது என்று வரும் முறைப்பாடுகளில் கணிசமானவை அழிந்தவையே அல்ல. கரண்ட் போனதும் ரவுட்டர் அணைகிறது, பற்றரியில் மடிக்கணினி ஓடுகிறது. மகள் கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணைந்து படிப்பைத் தொடர்கிறாள். நெட்வேர்க் மனேஜருக்கு அது வேறொரு இணைப்பு, வேறொரு விவரக் கோப்பு. வீட்டு வைஃபைக்கு நீங்கள் எழுதியது அதற்குச் செல்லாது. கரண்ட் வந்த பின்னும் மடிக்கணினி ஹொட்ஸ்பொட்டிலேயே நிற்கலாம். கம்பி இணைப்பும் அப்படித்தான், தனி. ஆகவே வீட்டில் பாவிக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும், பெரியவர்களின் ஹொட்ஸ்பொட் உட்பட, மேலே சொன்னதைத் தனித்தனியாகச் செய்ய வேண்டும். இது அலுப்பான வேலைதான், குறுக்கு வழி இல்லை.

கோப்பைப் பூட்டுவது பற்றி

“ரிசொல்வ் கோப்புக்குப் பூட்டுப் போட்டுவிடுங்கள், யாராலும் மாற்ற முடியாது” என்று ஒரு வைத்தியம் கைக்குக் கை பரவியிருக்கிறது. ‘சீ.எச். அட்ர்’ என்ற கட்டளையோடு ‘பிளஸ் ஐ’ சேர்த்தால் நிர்வாகிகூட அந்தக் கோப்பில் எழுத முடியாது. நான் இதைச் சிபாரிசு செய்வதில்லை. சுட்டியாக இருக்கும் கணினியில் அது காட்டும் கோப்பு நினைவகத்தில் இருக்கிறது. அணைத்தால் பூட்டும் சேர்ந்து போகும். உண்மையான கோப்பாக இருந்தால் பூட்டு நிற்கும். ஆனால் அந்த மடிக்கணினியை யாழ்ப்பாணத்து விடுதிக்கு எடுத்துப் போய், உள்நுழைவுப் பக்கம் காட்டும் வைஃபையில் இணைந்தால் அந்தப் பக்கம் வராமற் போகலாம். அப்போது பூட்டிய ஆளுக்கே பூட்டியது நினைவிருக்காது. அடுத்து வரும் தொழில்நுட்பவியலாளர் நெட்வேர்க் மனேஜரில் எல்லாவற்றையும் சரியாக மாற்றிவிட்டு, ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று தலையைச் சொறிவார். எழுதுபவரிடம் சொல்ல வழி இருக்கும்போது அவர் கையைக் கட்டிப்போடத் தேவையில்லை.

மேசை இல்லாத உபுண்டு சேவையகத்தில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே ‘நெட்பிளான்’ என்ற அடைவில் உள்ள யமல் கோப்புத்தான் குறிப்புப் புத்தகம். அதில் டி.என்.எஸ். முகவரிகளை எழுதுவதோடு, டி.எச்.சி.பி. தரும் டி.என்.எஸ்.ஸைப் பாவிக்காதே என்ற மேலாணை வரியையும் சேர்க்க வேண்டும். யமலில் இடைவெளி ஒன்று தவறினாலும் வலைப்பின்னலே எழும்பாது. வேறு இடத்திலிருந்து இணைந்து வேலை செய்பவர்கள் ‘ட்ரை’ வசதியைப் பாவியுங்கள், உறுதிப்படுத்தாவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்பும்.

ரவுட்டரில் போட முடிந்தால்

பத்துக் கணினி உள்ள ரியூட்டரியில் பத்திலும் போய் எழுதுவதைவிட ரவுட்டரில் ஒரே தரம் எழுதுவது புத்தி. ரவுட்டரின் அடிப்பக்க ஒட்டியில் முகவரி இருக்கும். பல பெட்டிகளில் 192.168.1.1, சில 4ஜி பெட்டிகளில் 192.168.8.1. உள்ளே போய் லான் அல்லது டி.எச்.சி.பி. பகுதியைத் தேடுங்கள். அங்குள்ள டி.என்.எஸ். கட்டங்களில் எழுதினால் ரவுட்டர் எல்லாக் கணினிக்கும் அந்தக் குறிப்பையே கொடுக்கும். அதன்பின் டி.எச்.சி.பி. உங்களுக்கு எதிராக அல்ல, உங்களுக்காக வேலை செய்யும்.

இரண்டு எச்சரிக்கை. சில பெட்டிகளில் ‘அப்ளை’ வேறு, ‘சேவ்’ வேறு. இரண்டாவதை அழுத்தாவிட்டால் கரண்ட் போனதும் பழையபடி. இன்னொன்று, இணைய நிறுவனம் கொடுத்த பெட்டியைத் தூரத்திலிருந்து நிர்வகிக்க டி.ஆர்-069 என்ற ஒழுங்கு பாவிக்கப்படலாம். பெட்டி எழும்பியதும் நிறுவனத்தின் அமைப்பை மறுபடி எடுத்துக்கொண்டால் நீங்கள் போட்டது நிற்காது. சில பெட்டிகளில் அந்தக் கட்டங்களே பூட்டியிருக்கும். அப்படியானால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் சாதாரண ரவுட்டர் ஒன்று வாங்கி நிறுவனப் பெட்டிக்குப் பின்னால் இணைத்து, பழையதன் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

விண்டோஸ், கைத்தொலைபேசி

விண்டோஸில் கையால் போட்டது பொதுவாக மறுதொடக்கத்தைத் தாண்டும். விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், நெட்வேர்க், வைஃபை அல்லது ஈதர்நெட் என்று போய் டி.என்.எஸ். ஒதுக்கீட்டை ‘மனுவல்’ ஆக்கினால் போதும். அப்படியும் மாறினால் பழைய வீ.பி.என். செயலியையோ வைரஸ் தடுப்பு மென்பொருளையோ பாருங்கள். இணைக்கும்போது டி.என்.எஸ்.ஸை மாற்றுவது வீ.பி.என்.னின் இயல்பு, நடுவில் கரண்ட் போனால் மீட்டுவைக்க அதற்கு அவகாசம் கிடைப்பதில்லை. பாவிக்காததை நீக்கிவிடுங்கள்.

அண்ட்ரொயிட் 9 முதல் ‘பிரைவேட் டி.என்.எஸ்.’ வசதி உண்டு. அங்கே எண் எடுபடாது, சேவையின் பெயரைத்தான் கொடுக்க வேண்டும். ஒருமுறை கொடுத்தால் வைஃபைக்கும் சிம் டேட்டாவுக்கும் பொருந்தும், அணைத்து எழுப்பினாலும் நிற்கும். இத்தனை பாடுபட்ட பிறகு கைத்தொலைபேசியில்தான் இது இவ்வளவு இலகு என்பது கொஞ்சம் எரிச்சலாகவே இருக்கிறது.

உலாவியையும் பார்த்துவிடுங்கள். குரோம், பயர்பொக்ஸ் இரண்டிலும் பாதுகாப்பான டி.என்.எஸ். என்ற தெரிவு இருக்கிறது. அதில் வேறு சேவை தெரிவாகியிருந்தால் கணினியில் நீங்கள் போட்டதைக் கேட்காமலே உலாவி வேறிடத்தில் பெயர் தேடும்.

சோதனை

‘என்.எஸ். லுக்அப்’ என்ற கட்டளை விண்டோஸில் இருக்கிறது, பெரும்பாலான லினக்ஸ்களிலும் இருக்கும். ஏதாவது ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்துக் கேட்டால் பதில் தந்த டி.என்.எஸ். எது என்பதை முதல் வரியில் சொல்லும். உபுண்டுவில் அங்கே 127.0.0.53 என்றே வரும். அதற்குப் பின்னால் இருப்பவரைக் காண மேலே சொன்ன ‘ஸ்டேட்டஸ்’ கட்டளைதான்.

முதலில் கணினியை மட்டும் மறுதொடக்கம் செய்து பாருங்கள். பிறகு ரவுட்டரை மட்டும். மூன்றாவதாக, திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்து மூடிவிட்டு, கணினியை முறையாக அணையுங்கள்; இரண்டின் செருகியையும் கழற்றி, ஒரே நேரத்தில் போடுங்கள். உண்மையான மின்வெட்டுக்கு இதுதான் கிட்டிய ஒத்திகை. ரவுட்டரின் விளக்குகள் நிலைத்து ஐந்து நிமிடம் போன பிறகு பாருங்கள், அதற்கு முன் அல்ல. வடிகட்டி போட்டிருந்தால், தடுபட வேண்டிய தளம் ஒன்றைப் பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது திறக்க முயன்று பாருங்கள். கடைசியாக, ரவுட்டரில் குத்தகைக் காலம் எவ்வளவு என்று பார்த்து, அதில் பாதி கடந்த பின் இன்னொரு தரம் கேட்டுப் பாருங்கள். அப்போதும் உங்கள் எண்களே வந்தால் அவற்றை ஒரு தாளில் எழுதி, திகதியும் போட்டு, ரவுட்டரின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதைத் திறக்கப் போவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.